‘குட்’ என்றால் முடிந்ததா, முடியுமா?

கேள்வி இது: பள்ளி, கல்லூரி என்று பதினைந்து வருடம் ஆங்கிலம் படித்தாயிற்று. எழுதினால் பெரிதாகப் பிழை வருவதில்லை. ஆனால் பேச வாயைத் திறந்தால் கேன், குட், ஏபிள் டு மூன்றில் எதைப் போடுவது என்று நாக்கு நின்றுவிடுகிறது. பட், தோ, ஆல்தோ, ஈவன் இஃப் விஷயத்திலும் இதே தடுமாற்றம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இவற்றை அன்றாடம் எப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்?

நான் பல வருடங்களாக வெளிநாட்டுக் குழுக்களோடு தொலைபேசியில் மாரடித்துப் பிழைக்கிறவன். இந்த இரண்டு இடங்களிலும் நன்றாக அடிபட்டவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு சின்ன முன்னெச்சரிக்கை: கீழே நான் ‘குட்’ என்று எழுதுவதெல்லாம் கேனின் உடன்பிறப்பான குட். ‘நல்ல’ என்று பொருள் தரும் குட் இந்தப் பதிலில் எங்கும் வராது.

முதலில் உச்சரிப்பிலிருந்து தொடங்குகிறேன். இலக்கணம் பிசகினால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இதில் பிசகினால் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அமெரிக்கரிடம் தொலைபேசியில், “வீ கேன் ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே” என்று ரொம்ப உறுதியாகச் சொன்னேன். உறுதி தெரிய வேண்டும் என்று அந்தக் ‘கேன்’ மேல் நன்றாக அழுத்தினேன். மறுமுனையில் ஒரு நிமிடம் சத்தமில்லை. அப்புறம், “ஓகே, ஸோ வென் கேன் யூ?” என்றார். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க முடியாது என்று நான் சொன்னதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் அழுத்த அழுத்த அவருக்கு அது ‘முடியாது’ ஆகிக்கொண்டே போனது.

காரணம் எளிது. வாக்கியத்தின் நடுவில் வரும் கேனை அவர்கள் முழுதாகச் சொல்வதே இல்லை. “வீ க்ன் ஃபினிஷ் இட்” என்று விழுங்கிவிட்டு, அழுத்தத்தை ஃபினிஷ் மேல் போடுவார்கள். எதிர்மறையான கேன்ட்டை மட்டும் ஒருபோதும் விழுங்குவதில்லை. அது எப்போதும் முழு உயிரோசையோடு, அழுத்தத்தோடு வரும். அமெரிக்கர்கள் பேசும்போது கடைசி ‘ட்’ பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். ஆகவே கேட்கிறவர் அந்த ‘ட்’டை எதிர்பார்ப்பதில்லை. அழுத்தம் எங்கே விழுந்தது என்பதை வைத்தே முடியுமா முடியாதா என்று முடிவு செய்துகொள்கிறார். நாமோ ஒவ்வொரு எழுத்துக்கும் சம மரியாதை கொடுத்துப் பேசிப் பழகியவர்கள். ‘கேன்’ என்று தெளிவாகச் சொன்னால் அவருக்கு அது கேன்ட். பிரிட்டிஷ்காரர்களில் பலர் ‘கான்ட்’ என்று ஆகாரம் போட்டுச் சொல்வதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

எனவே கேனை விழுங்கி, வினைச்சொல்லை அழுத்துங்கள். கேன் முழுதாக ஒலிக்கும் இடங்கள் சிலவே. வாக்கியத்தின் கடைசியில் நிற்கும்போது முழுதாக வரும்: “யெஸ், வீ கேன்.” எதிர்த்துச் சொல்லும்போதும் வரும்: “ஐ கேன் ஸ்விம், ஐ ஜஸ்ட் டோன்ட் லைக் இட்.” நீச்சல் தெரியும்தான், பிடிக்காது என்பது. தமிழில் ‘தான்’ செய்யும் வேலையை அங்கே குரலின் அழுத்தம் செய்கிறது. பணம், தேதி சம்பந்தப்பட்ட பேச்சு என்றால் நான் இன்றைக்கும் ரிஸ்க் எடுப்பதில்லை. முடியும் என்றால் “வீ வில் பி ஏபிள் டு”, முடியாது என்றால் “வீ கேனாட்” என்று பிரித்தே சொல்லிவிடுவேன்.

சரி, இப்போது குட். கேனின் இறந்தகாலம் குட் என்று பள்ளியில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டார்கள். பாதி உண்மை. நம்மைப் போல ‘முடிந்தது’ என்று யோசிக்கிறவர்களை வசமாகக் குழியில் தள்ளும் பாதி.

தமிழில் ‘முடி’ என்ற வினைக்கு இரண்டு வேலை. வேலை முடிந்தது என்றால் தீர்ந்தது. என்னால் முடிந்தது என்றால் இயன்றது. இரண்டும் ஒரே சொல்லில் இருப்பதால், “நேற்று அவரைப் பார்க்க முடிந்தது” என்று சொன்னால் பார்த்தாகிவிட்டது என்பது அதிலேயே அடங்கிவிடுகிறது. இதையே நாம் “ஐ குட் மீட் ஹிம்” என்று ஆங்கிலத்தில் போடுகிறோம். ஆனால் ஆங்கிலக் குட்டுக்குள் அந்த ‘ஆகிவிட்டது’ கிடையாது. கேட்கிறவருக்கு அது ‘வேண்டுமானால் நான் அவரைச் சந்திக்கலாம்’ என்று, இனிமேல் நடக்கப்போவது போல ஒலிக்கும். கூடவே எஸ்டர்டே என்று சேர்த்தால் குழப்பம் இன்னும் கூடும்.

ஒரு தடவை நடந்து முடிந்த காரியத்துக்கு அவர்கள் சொல்வது “ஐ வாஸ் ஏபிள் டு மீட் ஹிம்”. கொஞ்சம் சிரமப்பட்டு நடந்தது என்றால் “ஐ மேனேஜ்ட் டு மீட் ஹிம்”. வாய்ப்புக் கிடைத்தது என்ற மகிழ்ச்சி இருந்தால் “ஐ காட் டு மீட் ஹிம்”. பாதி நேரம் இவை எதுவுமே வேண்டாம்: “ஐ மெட் ஹிம்” போதும். நடந்தது என்றால் இயன்றது என்றுதானே அர்த்தம்? நாம் தேவையில்லாத இடத்திலும் ‘முடிந்தது’ போட்டுப் பழகியவர்கள், அதனால் கை குட்டுக்குப் போகிறது.

தீ விபத்து ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். “எவ்ரிபடி வாஸ் ஏபிள் டு கெட் அவுட்” என்றால் அனைவரும் வெளியே வந்துவிட்டார்கள். “எவ்ரிபடி குட் கெட் அவுட்” என்றால் வழி இருந்தது, வெளியே வர வாய்ப்பு இருந்தது. வந்தார்களா என்று கேட்கிறவர் மனம் பதைக்கும்.

அப்படியானால் இறந்தகாலத்தில் குட் எங்கே சரி? நீண்ட காலம் இருந்த திறமைக்கு. “வென் ஐ வாஸ் டென், ஐ குட் கிளைம்ப் எனி ட்ரீ.” பத்து வயதில் எந்த மரத்திலும் ஏறுவேன். கவனியுங்கள், தமிழிலும் இங்கே ‘ஏற முடிந்தது’ என்று யாரும் சொல்வதில்லை, ‘ஏறுவேன்’ என்கிறோம். இன்ன தேதியில் இன்ன மரத்தில் ஏறினேன் என்ற பேச்சே இல்லை. புலன்கள் விஷயத்திலும் குட் தாராளமாக வரும்: “ஐ குட் ஸ்மெல் த காஃபி”, காப்பி மணம் வந்தது. எதிர்மறையில் கவலையே வேண்டாம். குடன்ட் எல்லா இடத்துக்கும் பொருந்தும். “ஐ குடன்ட் மீட் ஹிம்” என்றால் சந்திக்கவில்லை, தீர்ந்தது. நடக்கவே இல்லாத காரியத்தில் நடந்ததா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

என்னைக் கேட்டால், குட்டுக்குத் தமிழில் நெருங்கிய சொந்தம் ‘முடிந்தது’ அல்ல. நம் ‘-லாம்’தான். “வீ குட் கோ டு த பீச்”, கடற்கரைக்குப் போகலாம். “இட் குட் ரெயின்”, மழை வரலாம். “யூ குட் ஹாவ் டோல்ட் மீ!”, சொல்லியிருக்கலாமே! அந்தக் கடைசி வாக்கியத்தில் நம் ஏகாரத்தில் இருக்கும் அத்தனை மனத்தாங்கலும் இருக்கிறது. கணவன் மனைவி சண்டையில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில்தான் நடக்கிறது, எந்த மொழியானாலும். குட் என்று வந்தால் -லாம் பொருந்துகிறதா என்று முதலில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்திவிடும்.

ஏபிள் டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேன் போக முடியாத இடங்களுக்கு அது மாற்றாள். வில்லுக்குப் பின்னால், மைட்டுக்குப் பின்னால், ஹாவுக்குப் பின்னால் கேன் நிற்காது. அங்கெல்லாம் பி ஏபிள் டு. ஆகவே இரண்டையும் சேர்த்து “ஐ கேன் ஏபிள் டு” என்பது முதலாளியையும் அவருக்குப் பதிலாக வந்தவரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைப்பது போல. நம் ஊர் நேர்முகத் தேர்வுகளில் இதைக் கேட்காத நாளில்லை. இந்த ஒன்றை விட்டொழித்தாலே பாதி கிணறு தாண்டியாயிற்று.

இன்னொரு விஷயம், இணையச் சந்திப்புகளில் தினமும் நடப்பது. நாம் “ஆம் ஐ ஆடிபிள்?” என்கிறோம். இலக்கணப்படி சரி. ஆனால் அமெரிக்கரோ ஆங்கிலேயரோ “கேன் யூ ஹியர் மீ?” என்றுதான் கேட்பார். பார்ப்பது, கேட்பது, மணப்பது இவற்றோடு கேன் ஒட்டிக்கொண்டே வரும். அங்கே அது திறமையைச் சொல்வதில்லை. “ஐ கேன் ஸீ யுவர் ஸ்க்ரீன்” என்றால் திரை தெரிகிறது, அவ்வளவுதான். தமிழில் ‘எனக்குத் தெரிகிறது, கேட்கிறது’ என்று நம்மை நான்காம் வேற்றுமைக்குத் தள்ளிவிட்டுச் சொல்வதை அவர்கள் கேன் வைத்துச் சொல்கிறார்கள்.

தெரிவது என்றதும் ஞாபகம் வருகிறது. நீச்சல் முடியும் என்று தமிழில் சொன்னால் விசித்திரமாக இருக்கும், இல்லையா? நீச்சல் தெரியும் என்போம். கற்றுக்கொண்ட வித்தைக்குத் ‘தெரியும்’, உடம்போ சூழ்நிலையோ இடம்கொடுப்பதற்கு ‘முடியும்’. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கேன் ஒன்றே. ஆனால் கேனின் மூலமான பழைய ஆங்கிலச் சொல் குன்னன்; அதன் பொருளே ‘அறிந்திருத்தல்’தான். தெரிந்ததால் முடிகிறது என்று அங்கே பொருள் விரிந்திருக்கிறது. தந்திரத்தைக் குறிக்கும் கன்னிங், நாகரிகம் தெரியாததைக் குறிக்கும் அன்கூத் இரண்டும் இதே குடும்பம். குட் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் உச்சரிக்காத ஓர் எல் உட்கார்ந்திருப்பதும் இந்தக் கதையின் கிளைதான். வுட், ஷுட் இரண்டிலும் அந்த எல் பரம்பரைச் சொத்து. குட்டுக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் பிற்காலத்தில் நுழைத்துவிட்டார்கள்.

இனி முரண் சொற்கள். பட் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் விடுவது, பட்டுக்குப் பின்னால் வருவதுதான் தீர்ப்பு என்பது. “இட்ஸ் எக்ஸ்பென்சிவ் பட் டேஸ்டி” என்றவர் மறுபடி அந்த ஹோட்டலுக்குப் போவார். “இட்ஸ் டேஸ்டி பட் எக்ஸ்பென்சிவ்” என்றவர் போகமாட்டார். நாமும் இதையேதான் செய்கிறோம்: ‘பையன் நல்லவன்தான், ஆனால்…’ என்று யாராவது தொடங்கினால் அந்தச் சம்பந்தம் அமையாது என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். மேலதிகாரி “திஸ் இஸ் கிரேட், பட்” என்று தொடங்கினால் கிரேட்டைக் கேட்டுப் பூரித்துவிடாதீர்கள். நோட்டுப் புத்தகத்தை எடுங்கள்.

பள்ளியில் சொல்லித் தராத, ஆனால் பேச்சில் விழுந்து விழுந்து வருவது, வாக்கியத்தின் கடைசியில் வரும் தோ. “த ரூம் இஸ் ஸ்மால். நைஸ் வ்யூ, தோ.” அறை சின்னதுதான்; ஆனால் சன்னல் வழியே பார்க்க நன்றாக இருக்கிறது. பட் போல முன்னால் வந்து நின்று சண்டைக்கு அழைக்காமல், சொன்னதற்குப் பின்னால் மெல்ல ஒரு திருத்தத்தை வைத்துவிட்டுப் போவது அது. யாராவது காப்பி வேண்டுமா என்று கேட்டு உங்களுக்கு வேண்டாம் என்றால், “ஐயம் ஃபைன். தேங்க்ஸ், தோ” என்று சொல்லிப் பாருங்கள். வெறும் நோ சொன்னால் கதவைச் சாத்தியது போல இருக்கும். இந்தத் தோ அதைக் கொஞ்சம் திறந்தே வைக்கும். ஒன்று மட்டும்: தோ கடைசியில் வரும், ஆல்தோ வராது.

ஆல்தோ, தோ வைத்து வாக்கியத்தைத் தொடங்கினால் நடுவில் பட் கூடாது. “ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் ஹீ கேம்” என்பது நம்மிடம் அடிக்கடி கேட்கிற பிழை. இதைத் தமிழின் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. ‘மழை பெய்தாலும் ஆனால் வந்தான்’ என்று எந்தத் தமிழர் பேசுகிறார்? ஆல்தோ என்றால் ‘ஆனாலும்’ என்று சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்ததால் வந்த வினை இது. அது ‘-ஆலும்’ என்ற விகுதி மாதிரி. வினையோடு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் பட் தானாக உதிர்ந்துவிடும். பழைய இலக்கணப் பாடங்களில் தோ என்று தொடங்கி யெட் என்று தொடரும் சோடி ஒன்று உண்டு. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே அது இருக்கிறது. தவறில்லை, ஆனால் இன்றைக்கு அப்படிப் பேசினால் பிரசங்க வாடை அடிக்கும்.

ஈவன் இஃப், ஈவன் தோ குழப்பத்துக்கு வருவோம். இங்கேதான் தமிழ் நமக்கு ஒரு சின்ன வலை விரிக்கிறது. ‘மழை பெய்தாலும் வருவேன்’, ‘மழை பெய்தாலும் வந்தான்’ இரண்டிலும் நமக்கு அதே பெய்தாலும். ஆங்கிலத்தில் முதலாவது ஈவன் இஃப்: மழை பெய்யுமோ பெய்யாதோ, யாருக்குத் தெரியும். இரண்டாவது ஈவன் தோ: மழை நிஜமாகவே பெய்தது. “ஐ வில் ஹெல்ப் யூ ஈவன் இஃப் யூ ஆர் ராங்” என்று நண்பரிடம் சொன்னால், நீ செய்தது தவறாகவே இருந்தாலும் உதவுவேன் என்று ஆறுதல். அதிலேயே ஈவன் தோ போட்டால், நீ செய்தது தவறுதான், இருந்தாலும் உதவுகிறேன் என்றாகிவிடும். நட்பு நீடிக்குமா என்பது நண்பரின் பொறுமையைப் பொறுத்தது.

ஆனால் தமிழ் வலையை மட்டும் விரித்துவிட்டுப் போகவில்லை. ‘மழை பெய்தும் வந்தான்’ என்று ஒரு வடிவம் இருக்கிறது பாருங்கள், அது நிஜமாக நடந்ததற்கு மட்டும்தான் வரும். ‘மழை பெய்தும் வருவேன்’ என்று சொல்லவே வராது. ஆக, உங்கள் வாக்கியத்தில் பெய்தும், சொல்லியும், படித்தும் என்று போட முடிந்தால் ஈவன் தோ. போட முடியாவிட்டால் ஈவன் இஃப். குட்டுக்கும் வாஸ் ஏபிள் டுவுக்கும் நடுவே நாம் கேட்ட கேள்வியும் இதுவேதான்: நடந்ததா, நடக்கக்கூடியதா? நான் இந்தச் சொற்களுக்குத் தனித்தனி விதி மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் நாக்கு நிற்பது நின்றது.

டிஸ்பைட் பேச்சில் குறைவு. வந்தால் பின்னால் பெயர்ச்சொல்: “டிஸ்பைட் த ரெயின்”. அதற்குப் பின் ஆஃப் கிடையாது, இன் ஸ்பைட்டுக்குத்தான் ஆஃப். ஹவெவர் எழுத்துக்கு. டீக்கடையில் நின்று ‘எனினும்’ என்று சொன்னால் எப்படி இருக்குமோ, நண்பர்களிடம் ஹவெவர் அப்படி இருக்கும்.

முரணும் முடிவதும் சேர்ந்து வருகிற இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. மறுப்பது. ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் “ஐ கான்ட் கம்” என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வது அபூர்வம். “ஐ வுட் லவ் டு, பட்” என்று இழுப்பார்கள். பட்டுக்குப் பின்னால் ஒன்றுமே வராவிட்டாலும் பதில் வந்துவிட்டது. நம் ‘வரணும்னுதான் நினைச்சேன், ஆனா…’ இதன் அண்ணன். ஆனால் “ஐ விஷ் ஐ குட்” என்பதில் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். விஷ் இருக்கிறது, குட் இருக்கிறது, ஏதோ நம்பிக்கை இருக்கிறது போல என்று மறுநாளும் போய்க் கேட்கிறவர்களை எனக்குத் தெரியும். அது முழு மறுப்பு. முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், முடியாது என்று அர்த்தம். அதேபோல கூட்டத்தில் ஒருவர் உங்கள் யோசனையைக் கேட்டுவிட்டு “வீ குட் லுக் அட் தட்” என்றால், பார்க்கலாம் என்கிறார். நம் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே அர்த்தம்தான். “வீ கேன் டூ தட்” என்றால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள்.

கேட்கும்போதும் இந்த வித்தியாசம் உதவும். “கேன் யூ ஸெண்ட் இட்?” கூட வேலை செய்கிறவரிடம் போதும். தெரியாதவரிடம் “குட் யூ ஸெண்ட் இட்?”, இங்கே குட்டுக்கும் இறந்தகாலத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஒரு படி விலகி நின்று கேட்பதுதான் மரியாதை. ஆனால் ஒருவரிடம் “கேன் யூ ஸ்பீக் இங்கிலீஷ்?” என்று கேட்பது அவர் திறமையைப் பரீட்சை வைப்பது போலப் படலாம். “டூ யூ ஸ்பீக் இங்கிலீஷ்?” என்பார்கள்.

கடைசியாக, இதையெல்லாம் படித்துவிட்டு அவர்கள் எப்போதும் சரியாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் துளியும் அக்கறையில்லை என்பதற்கு “ஐ குடன்ட் கேர் லெஸ்” என்று ஒரு வழக்கு. இதைவிடக் குறைவாக அக்கறைப்பட முடியாது என்பது அதன் நேர்ப்பொருள். அமெரிக்காவில் ஏராளமானோர் அதில் எதிர்மறையை விழுங்கிவிட்டு “ஐ குட் கேர் லெஸ்” என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் கொஞ்சம் அக்கறை மிச்சம் இருக்கிறது என்றாகிறது. அவர்கள் சொல்ல வந்ததோ துளியும் இல்லை என்பது. யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் திருத்தப் போகாதீர்கள். ஏற்கெனவே அவர் கோபத்தில்தான் இருக்கிறார்.